டாலர் குறிக்குப் பின்னால் யார்?

இன்ஸ்பெக்டர் அரக்கு முத்திரையைக் கிழித்துக் கதவைத் தள்ளியபோது, உள்ளே அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் விழித்துக்கொண்டுதான் இருந்தது.

ஒரு வாரமாக ஆள் நுழையாத கட்டுப்பாட்டு அறை. நாற்காலி முதுகில் ஆபரேட்டரின் ஸ்வெட்டர் தொங்கியது. மேசையில் பாதி குடித்த காபி, மேலே ஆடை கட்டிக் கறுத்துப்போயிருந்தது. கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் நீளமான தாழ்வாரம்; அதில் வரிசையாக எட்டு இரும்புக் கதவுகள்.

"பாத்துக்கங்க. எதையும் அணைக்கல, எதையும் தொடல" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா இதுல புதுசா என்ன கிடைச்சுடப் போகுது?"

"கிடைக்கலைன்னா நஷ்டம் எங்களுக்குத்தானே சார். நீங்க பாட்டுக்கு அந்தக் காபியைக் குடிச்சுட்டு உக்காருங்க" என்றான் ரேடியோ.

ரேடியோ என்பது பட்டப்பெயர். முப்பது வயதாகியும் வாய் ஓயாததால் வீட்டில் வைத்தது. அவன் வேலை பார்க்கும் துப்பறியும் அலுவலகம் அவனுடையதல்ல, அவன் அண்ணன் மனைவியுடையது. ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் பத்து வருஷம் திருட்டுகளைப் பிடித்துக் கொடுத்தவள், அலுத்துப்போய் வெளியே வந்து சொந்தமாகக் கடை விரித்தாள். வாசல் பலகையில் வேறென்னவோ எழுதியிருந்தாலும், கொழுந்தன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். இன்ஸ்பெக்டர் மட்டும் 'மேடம்' என்பார். அதிலும் லேசாக ஒரு குத்தல் இருக்கும்.

அது ஒரு விதைக் கிடங்கு. விதையில் பூச்சி விழாமலிருக்க, முறை வைத்து ஒவ்வோர் அறையிலும் நைட்ரஜனை நிரப்புவார்கள். காற்றை வெளியே தள்ளிவிட்டு அந்த வாயு உட்கார்ந்துகொள்ளும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. உள்ளே மனிதன் இருந்தால் பூச்சிக்கு நேர்கிற கதிதான் அவனுக்கும். மூச்சு வந்துகொண்டுதான் இருக்கும். என்ன ஏது என்று தெரிவதற்குள் முழங்கால் மடங்கிவிடும். போன வாரம் விதைப் பரிசோதகர் அம்மா ஏழாவது அறையில் அப்படித்தான் இறந்து கிடந்தார்.

அன்று நிரப்பும் கட்டளையைத் தட்டியவர் ஆபரேட்டர். அவரே அதை மறுக்கவில்லை. "தினம் அடிக்கிற வரியைத்தான் சார் அடிச்சேன்" என்று அழுதார். அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வந்தது. அவர் மனைவிதான் அண்ணியிடம் ஓடிவந்து, கணவன் லாக்கப்பிலிருந்து சொல்லியனுப்பிய பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தாள்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தாள். கறுப்புத் திரை. அதில் ஆபரேட்டர் கடைசியாக அடித்த வரி அப்படியே நின்றது.

fill $ROOM

"இதான் அவர் தினம் அடிக்கிறது" என்றாள்.

"இது அவன் காட்டுற வேஷம் மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். "புரோகிராம் தனக்குன்னு ஒரு பதிவு வச்சிருக்கு. அதுல 'fill 7 --silent'னு இருக்கு. ஏழாவது அறையை நிரப்பு, சைரன் அடிக்காதேன்னு அர்த்தமாம். இவனுக்கும் அந்தம்மாவுக்கும் அதுக்கு முந்தின நாள்தான் வாய்த்தகராறு. வேணும்னே ஏழுன்னு அடிச்சிருக்கான். அப்புறம் திரையில ஒண்ணும் தெரியாத மாதிரி இதை விட்டு வச்சிருக்கான்."

"டாலர் போட்டு ROOMனு எழுதினா அது ஒரு பேர் சார். பேருக்குப் பின்னால ஒரு மதிப்பை வேற இடத்துல வச்சிருப்பாங்க. Enter தட்டினதும் இந்தக் கறுப்புத் திரை பேரை எடுத்துட்டு, மதிப்பை வச்சு, அதைத்தான் புரோகிராம் கையில கொடுக்கும். புரோகிராமுக்கு இப்படி ஒரு பேர் இருந்ததே தெரியாது."

இன்ஸ்பெக்டரின் நெற்றி சுருங்கியது. ரேடியோ உதவிக்கு வந்தான்.

"எங்க வீட்டுல நான் அண்ணின்னு கூப்பிட்டா இவங்க திரும்புவாங்க சார். இதே அண்ணி அவங்க பிறந்த வீட்டுக்குப் போய் 'அண்ணி'ன்னு கூப்பிட்டா வேற ஒரு அம்மா திரும்பும். வார்த்தை ஒண்ணுதான். எந்த வீட்டுல நின்னு கூப்பிடறோம்கிறதுதான் விஷயம்."

"அட!" என்றார் இன்ஸ்பெக்டர், தன்னையறியாமல். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். "சரி, அந்த மதிப்பு என்ன? நானும் ஆபீஸ் கம்ப்யூட்டர் வழியா ஆள் வச்சுப் பாத்துட்டேன். நாலு. அன்னிக்கு முறை நாலாவது அறைக்கு. இந்த வரியை அடிச்சிருந்தா நாலுல இல்ல வாயு போயிருக்கணும்?"

அண்ணி புதிதாக ஒரு விண்டோ திறந்தாள். echo $ROOM என்று அடித்தாள். 4 என்று வந்தது.

"echo-ன்னா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எதிரொலி. எந்த வேலையும் செய்யாது. நாம சொன்னதை, பேருக்குப் பதிலா மதிப்பை வச்சு, அப்படியே திருப்பிச் சொல்லும்."

"அப்ப நான் சொன்னது சரிதானே? நாலு."

அண்ணி புது விண்டோவை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஆபரேட்டர் விட்டுப்போன பழைய விண்டோவுக்குள் போனாள். அதே எழுத்துகளை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் அடித்தாள்.

7 --silent

ரேடியோ நாற்காலிக்குப் பின்னாலிருந்து குனிந்து அதை இரண்டுமுறை படித்தான். 

"விண்டோ திறக்கிறப்ப ஒரு ஃபைலைப் படிச்சு மதிப்பைத் தன்கிட்ட எழுதிக்கும்" என்றாள் அண்ணி. "அதுக்கப்புறம் ஃபைலை யார் மாத்தினாலும் ஏற்கெனவே திறந்த விண்டோவுக்குத் தெரியாது. அன்னிக்கு அவர் டியூட்டிக்கு வந்து இதைத் திறக்கறதுக்கு முன்னால யாரோ நாலை எடுத்துட்டு, 'ஏழு, இடைவெளி, சைரன் வேண்டாம்'னு எழுதி வச்சிருக்காங்க. ஒரே பேருக்குள்ள ரெண்டு சொல். மேற்கோள் குறி போடாம அடிச்சதால அது ரெண்டாப் பிரிஞ்சு புரோகிராமுக்கு ரெண்டு உத்தரவாப் போயிருக்கு. காரியம் முடிஞ்சதும் பழையபடி நாலுன்னு திருத்திட்டாங்க. நீங்க அறைக்கு சீல் வச்சு, கம்ப்யூட்டரை அணைக்காம விட்டதுதான் அவங்க எதிர்பார்க்காதது."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கொன்னது..."

"அவர் விரல். வேற யாரோடவோ மனசு."

அந்த ஃபைலைத் தங்கள் அறையிலிருந்தே திருத்த அனுமதி இருந்தது இரண்டே பேருக்கு. ஒருவன் இந்தப் புரோகிராமை எழுதிய எஞ்சினியர். கிடங்கின் பின்கட்டில், வயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான்.

"என் புரோகிராம்ல கோளாறே கிடையாது. என்ன சொன்னாலும் செய்யும்."

"கொலைகூடவா?" என்றான் ரேடியோ.

எஞ்சினியர் முறைத்தான். "அந்த ஃபைலை நான் மாத்தலாம். மேலாளரும் மாத்தலாம். ஆனா அவர் மவுஸைப் பிடிக்கவே பயப்படுவார். அதனால நேரா என்னையே பிடிச்சுட்டுப் போங்க. எனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

மேலாளர் அப்படியே எதிர்மாறு. எழுந்து நின்று வரவேற்றார், மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். பரிசோதகர் அம்மாவைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கினார். "கம்ப்யூட்டர்னா எனக்கு ஆன் தெரியும், ஆஃப் தெரியும். அதுக்கு மேல கேட்டா முழிப்பேன்" என்றார்.

வெளியே வந்ததும் ரேடியோ சொன்னான்: "அந்த வயர் மண்டையன்தான் அண்ணி. சந்தேகமே இல்ல. இவர் பாவம், புள்ளைப்பூச்சி."

"ஏழாவது அறையில என்ன இருக்குன்னு பாத்தியா?"

"விதை. வேறென்ன இருக்கும்?"

"போய் ஒரு பிடி அள்ளிட்டு வா. எல்லாரும் பாக்கற மாதிரி."

ரேடியோ அள்ளிவந்தான். அண்ணி அதில் நாலைந்தை உள்ளங்கையில் போட்டு உருட்டினாள். "பரிசோதகர் அம்மா வேலையே விதை முளைக்குதான்னு பாக்கறது. கடைசியா அவங்க போன அறை இது" என்றாள். பிறகு அந்தப் பிடியை ஒரு காகிதத்தில் மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

அதன்பின் அவள் மேலாளரிடம் தனியாகப் பேசினாள். எஞ்சினியரிடம் தனியாகப் பேசினாள். இன்ஸ்பெக்டரை வாயுத் தொட்டி இருக்கும் பின்முற்றத்துக்கு அழைத்துப்போய் நெடுநேரம் பேசினாள். ரேடியோவிடம் பேசியதுதான் ரொம்பக் குறைவு.

"இன்னிக்கு ஒரு ஒத்திகை. ஆபரேட்டர் அடிச்ச அதே வரியை, புது விண்டோவில நான் அடிக்கப்போறேன். வாயு நாலாவது அறைக்குப் போகும். பக்கத்துல கசியுதான்னு நீ மூணாவது அறைக்குள்ள நின்னு சொல்லணும். உள்ளே இன்டர்காம் இருக்கு."

"நாலுலதானே போகும்?"

"இப்ப வரைக்கும் நாலுதான்."

"அந்த 'இப்ப வரைக்கும்' எதுக்கு அண்ணி?"

அவள் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தாள்.

மூணாவது அறை முழுக்க மூட்டைகள், கூரைவரை. குளிர்விக்கும் காற்றாடி மட்டும் எங்கோ உயரத்தில் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. ரேடியோ உள்ளே நுழைந்ததும் கதவு தன்னால் மூடிக்கொண்டது. கதவில் முகம் அளவுக்கு வட்டக் கண்ணாடி ஒன்று. அதன் வழியாக வெறிச்சோடிய தாழ்வாரம் தெரிந்தது.

இன்டர்காமை எடுத்தான். "அண்ணி, அழகான அறை. வாடகைக்கு விட்டா வரலாம்."

"கதவுக்கு உள்கைப்பிடி இருக்கில்ல? திருகிப் பாரு."

திருகினான். கைப்பிடி சுற்றியது. கதவு அசையவில்லை.

தோளைக் கொடுத்துத் தள்ளினான். கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ கனமான இரும்பு இருப்பது தோளுக்குத் தெரிந்தது. உள்ளே வந்தபோது அது அங்கே இல்லை.

"அண்ணி, வெளித்தாழ் போட்டிருக்காங்க. அண்ணி, எதையும் தட்டாதீங்க!"

இன்டர்காமில் சின்னதாக ஒரு இரைச்சல். பிறகு அவள் குரல், அமைதியாக.

"தட்டிட்டேன்."

இணைப்பு அறுந்தது.

அதே கணம் மேலே காற்றாடி நின்றது.

அதுவரை இரைச்சலில் தெரியாமலிருந்த அமைதி மொத்தமும் ஒரேயடியாக வந்து அவன் மேல் இறங்கியது. வாயு நிரப்பும்போது காற்றாடி நின்றுவிடும் என்று யாரோ காலையில் சொன்னது ஞாபகம் வந்தது. சைரன் அடிக்கவில்லை. அதற்கும் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். மூச்சை இழுத்தான். வந்தது. அதுதான் பயங்கரமாக இருந்தது. எப்போதும்போல் சுகமாக வந்தது. பரிசோதகர் அம்மாவுக்கும் இப்படித்தானே வந்திருக்கும்? இது மாதிரி ஒரு கைப்பிடியைத்தானே அவரும் சுற்றியிருப்பார்?

கதவை இரண்டு கையாலும் அறைந்தான். "யாராவது இருக்கீங்களா?"

வட்டக் கண்ணாடியில் ஒரு முகம் வந்து நின்றது. மேலாளர்.

ரேடியோவுக்கு உயிர் வந்தது. "சார்! தாழை எடுங்க சார்!" என்று கத்தினான். மேலாளர் அவனையே பார்த்தார். கோபமில்லை, அவசரமில்லை. அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோவின் சட்டைப் பையில் அவர் கண் ஒருமுறை தங்கியது. பிறகு கையை உயர்த்தி, கொஞ்சம் பொறு என்பதுபோல் உள்ளங்கையைக் காட்டினார்.

கத்த வேண்டும் என்று நினைத்தான். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அண்ணன் முகம் ஞாபகத்துக்கு வந்தது. முழங்கால் நடுங்கியது. அது வாயுவா, பயமா என்று அவனால் சொல்ல முடியவில்லை. மூட்டை மேல் சாய்ந்தான்.

கண்ணாடியிலிருந்து மேலாளரின் முகம் திடீரென்று விலகியது. இரும்பு உரசும் சத்தம். கதவு திறந்தது. இன்ஸ்பெக்டரின் கை உள்ளே நீண்டு அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டது.

"கிட்டப் போகாதீங்க!" மேலாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "உள்ளே முழுக்க வாயு! நம்மளும் விழுந்துடுவோம்!"

அண்ணி தாழ்வாரத்தின் நடுவில் நின்றாள். "மூணுல வாயுன்னு யார் சொன்னது உங்களுக்கு? நான் நிரப்பறதா சொன்னது நாலாவது அறையை."

மேலாளரின் கைக்குட்டை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. ஆனால் ஆள் தடுமாறவில்லை. "பையன் உள்ளே கதவைத் தடதடன்னு தட்டினான். பாத்தேன், தாழ் எப்படியோ விழுந்திருந்தது. பதறிட்டேன். எனக்கென்னம்மா தெரியும்? மிஷின் மறுபடியும் தப்பான அறைக்கு அனுப்பிடுச்சோன்னு நினைச்சேன். நீங்கதானே கட்டளையைத் தட்டினீங்க?"

"தட்டினேன்" என்றாள் அண்ணி. "ஆனா வரிக்கு முன்னால echo போட்டு."

மேலாளர் முகத்திலிருந்த ரத்தம் மெதுவாக இறங்கி எங்கோ போனது. கைக்குட்டை தரையில் விழுந்தது.

"காலையில இதே வார்த்தையைக் கேட்டதும் இன்ஸ்பெக்டர் 'அப்படின்னா என்ன'ன்னு கேட்டார்" என்றாள் அண்ணி. "ஆனும் ஆஃபும் மட்டும் தெரிஞ்ச நீங்க ஏன் கேக்கல?"

இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கைவைத்தார்.

"திரையில என்ன வந்துச்சு தெரியுமா சார்? 'fill 3 --silent'. ஒத்திகைன்னு நான் சொல்லும்போது ஃபைல்ல நாலுதான் இருந்தது. உங்ககிட்ட மட்டும்தான் இவன் மூணுல நிப்பான்னு சொன்னேன். எஞ்சினியர்கிட்ட அஞ்சாவது அறைன்னு சொன்னேன். நாலுக்கு ரெண்டும் பக்கத்து அறைதான். அஞ்சுன்னு வந்திருந்தா அவர். மூணுன்னு வந்தா நீங்க."

"ஏழுல இருக்கற மூட்டை எல்லாம் செத்த விதை, அப்படித்தானே?" என்றார் இன்ஸ்பெக்டர். "நல்லதை வித்துட்டு முளைக்காததை அடுக்கி வச்சிருக்கே. அந்தம்மா முளைப்புச் சோதனைக்கு எடுக்கப் போனாங்க. இன்னிக்கு இவன் எடுத்தான்."

மேலாளர் முதல்முறையாக ரேடியோவை நேராகப் பார்த்தார். அந்தச் சாதுவான முகத்தில் ஒன்றுமே இல்லை. "நீயும் போயிருந்தா மிஷின் கோளாறுன்னு முடிஞ்சிருக்கும் தம்பி" என்றார், ஏதோ வருத்தப்படுகிறவர் போல. "ஆபரேட்டர்கூட வீட்டுக்குப் போயிருப்பான். யாருக்கும் கெடுதல் இல்லாம."

இன்ஸ்பெக்டர் அவரை நடத்திக்கொண்டு போனார்.

ரேடியோ தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "காத்தாடி நின்னுச்சே அண்ணி..."

"அது குளிர் போதும்னா தன்னால நிக்கும். வாயுத் தொட்டியோட வால்வை அப்பவே மூடிப் பூட்டியாச்சு. கான்ஸ்டபிள் காவலுக்கு நிக்கறார். ஒரு சொட்டு வந்திருக்காது."

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா உன் முகம் அதை அவர்கிட்ட சொல்லியிருக்கும். தாழைப் போடுவார்னு நான் நினைக்கல. அது என் தப்பு." அவள் கீழே குனிந்து கை கொடுத்தாள். கை சில்லிட்டிருந்தது. அவளும் பயந்துதான் போயிருக்கிறாள் என்பது ரேடியோவுக்கு அப்போதுதான் புரிந்தது. அதன்பிறகு அவனுக்குக் கோபப்பட மனசு வரவில்லை.

மறுநாள் காலை ஆபரேட்டரை விடுவித்தார்கள். ஸ்டேஷன் வாசலில் மனைவி கணவனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சிரித்தாள், அழுதாள், அண்ணியின் காலில் விழப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் ரேடியோதான் கை காலை ஆட்டி விளக்கினான்: பேர், மதிப்பு, இடைவெளி, ரெண்டு சொல், மேலாளர் முகம் வெளுத்தது, எல்லாம்.

ஆபரேட்டர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு தன் வலது கையை மனைவியின் பிடியிலிருந்து மெல்ல உருவி, விரல்களை விரித்துப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கணும் தம்பி. அன்னிக்கு நான் Enter தட்டினப்ப, அந்தம்மா உள்ளே உயிரோடதானே இருந்தாங்க?"

ரேடியோவின் நாக்கு நுனியில் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். இப்போது தேடினான், இல்லை. அண்ணியைப் பார்த்தான்.

"ஆமா" என்றாள் அண்ணி. "உயிரோடதான் இருந்தாங்க. உங்களுக்கு அது தெரிய வழியே இல்ல. ரெண்டும் உண்மைதான்."

ஆபரேட்டர் தலையை ஆட்டினார். அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, மனைவிக்கு ஓரடி முன்னால், யாரையும் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.